எக்ஸ்எம்எல்லில் தமிழ் உடைவது ஏன்? காரைக்குடியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இணையதளங்கள் கட்டிக் கொடுப்பது என் தொழில். பலகாரக் கடை, ஆத்தங்குடி கல் பட்டறை, கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், தங்கும் விடுதியாக மாறிய பெரிய வீடுகள் என்று வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், என்றாவது ஒரு நாள் "தமிழ் உடைந்துவிட்டது" என்று போன் வந்தே தீரும். ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு எக்ஸ்எம்எல் கோப்பு (தரவை 'டேக்' எனப்படும் பெயர்க் குறிகளுக்குள் வைத்து எழுதும் கோப்பு) அனுப்பும் வழியில்தான் பெரும்பாலும் அது உடைந்திருக்கும். கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், என்னைப் போன்ற நிரலர்கள் ஆகியோர் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். பேச்சு நடையை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன்.

குறியாக்கம், குறியாக்கம் என்கிறீர்களே, அது எழுத்துருவா?

இல்லை. கணினிக்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரநிலையான யூனிகோட், 'க' என்ற எழுத்துக்கு 2965 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணைக் கோப்பில் எந்தப் பைட்டுகளாக (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்) எழுதி வைப்பது என்ற ஒப்பந்தம்தான் குறியாக்கம். யூடிஎஃப்-8 ஒப்பந்தப்படி 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். யூடிஎஃப்-16 ஒப்பந்தப்படி அதே 'க' 11, 149 என்ற இரண்டு பைட்டுகள். எழுத்துரு இதற்கெல்லாம் பிறகு வருகிறது. எண்ணைப் பார்த்துப் படம் வரைவது மட்டுமே அதன் வேலை.

தமிழுக்கு யூனிகோட் முதலில் ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. இந்தப் பகுதியில் உள்ள எந்தக் குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். 'காரைக்குடி' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது க, ா, ர, ை, க, ், க, ு, ட, ி என்று பத்துக் குறிகள், முப்பது பைட்டுகள். ஐந்து, பத்து, முப்பது என்ற இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள். பின்னால் பல இடங்களில் உதவும்.

முதல் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறேன். பிறகும் ஏன் உடைகிறது?

டப்பாவின் மேல் 'மனகோலம்' என்று சீட்டு ஒட்டிவிட்டு உள்ளே சீப்புச்சீடையைப் போட்டால் என்ன ஆகும்? எக்ஸ்எம்எல்லின் முதல் வரி அறிவிப்பு அப்படி ஒரு சீட்டுதான். அது பைட்டுகளை மாற்றாது, மாற்றவும் முடியாது. கோப்பைச் சேமித்த நிரல் விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்திருந்தால், சீட்டில் எதை எழுதினாலும் சரக்கு அதுவேதான். அதனால் சீட்டைத் திருத்துவதற்கு முன் சரக்கைப் பாருங்கள். பைட்டுகளை எண்களாகக் காட்டும் கருவி எந்தக் கணினியிலும் கிடைக்கும். 224க்குப் பின் 174 அல்லது 175 என்ற இணை அடிக்கடி தென்பட்டால் அது யூடிஎஃப்-8 தமிழ்.

1998இல் எக்ஸ்எம்எல் 1.0 தரநிலையாக வந்தபோதே ஒரு நல்ல விதியும் வந்தது. அறிவிப்பும் வேறு குறிப்பும் இல்லாத கோப்பை யூடிஎஃப்-8 என்றே பார்சர், அதாவது எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரல், எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டே இல்லாத யூடிஎஃப்-8 கோப்பு ஒழுங்காக ஓடும். பொய்ச் சீட்டு ஒட்டியதுதான் ஓடாது.

எனக்குக் கேள்விக்குறியாக வருகிறது, பக்கத்துக் கடைக்காரருக்குக் கட்டமாக வருகிறது. இரண்டும் ஒரே நோய்தானே?

இல்லை, இரண்டும் வேறு வேறு நோய்கள். போனில் "உடைந்துவிட்டது" என்று மட்டும் சொல்பவர்களிடம் எப்படி உடைந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வெற்றுக் கட்டம் வந்தால் பைட்டும் சரி, குறியாக்கமும் சரி, எழுத்துருதான் இல்லை. புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் கொம்போ காலோ ஒட்டிக்கொண்டு நின்றால், உயிர்மெய்க் குறி தன் மெய்யைத் தொலைத்துவிட்டது அல்லது வரிசை மாறிவிட்டது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் மகிழுங்கள். யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ விண்டோஸ்-1252 என்று வாசித்திருக்கிறார்கள், சரக்கு பத்திரமாக இருக்கிறது. கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், யூடிஎஃப்-8 என்று நம்பி வாசித்தவருக்குப் பொருந்தாத பைட் கிடைத்திருக்கிறது. திரையில் மட்டும் அப்படித் தெரிந்தால் மூலம் பிழைத்திருக்கலாம். அதை அப்படியே சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் எண்ணிப் பாருங்கள். 'காரைக்குடி'க்குப் பத்துக் கேள்விக்குறி என்றால், தமிழைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு நிரல், தமிழ் எழுத இடமில்லாத குறியாக்கத்தில் அதை எழுதப் போய்த் தொலைத்திருக்கிறது. தரவுத்தள இணைப்பு லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று இருந்தால் இதுதான் நடக்கும். முப்பது என்றால் பைட்டுகளையே புரிந்துகொள்ளாமல் தொலைத்திருக்கிறது. குற்றவாளி எந்தப் படியில் நிற்கிறான் என்பதை இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

தம்பி, எங்கள் கடைப் பெயரில் '&' இருக்கிறது. அதை எடுத்தால்தான் கோப்பு ஏறும் என்கிறார்கள். பெயரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் ஆச்சி. எக்ஸ்எம்எல்லுக்குள் & என்பது 'இங்கே ஒரு குறியீடு தொடங்குகிறது' என்று பொருள்படும். தனியாக நின்றால் பார்சர் குழம்பி நின்றுவிடும். அந்த இடத்தில் &#38; என்று எழுதினால் வாடிக்கையாளர் திரையில் உங்கள் பெயர் பழையபடியே தெரியும். சிறிய அடைப்புக்குறியான < என்பதற்கு &#60;. இதை யாரும் கையால் செய்யத் தேவையில்லை. எக்ஸ்எம்எல் எழுதும் நூலகம் தானே செய்யும். சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்கும் நிரலர்களிடம்தான் இந்தத் தொல்லை.

இதன் தம்பி ஒன்று உண்டு. வலைப்பக்கத்தில் பிரியாத இடைவெளிக்காக எழுதும் 'என்பிஎஸ்பி'யை எக்ஸ்எம்எல்லில் எழுதினால் 'அறியாத பெயர்' என்று பிழை வரும். எக்ஸ்எம்எல் பிறவியிலேயே அறிந்த பெயர்கள் ஐந்து மட்டுமே. அவற்றில் இது இல்லை. &#160; என்று எண்ணாக எழுதுங்கள்.

அப்படியானால் தமிழ் முழுவதையும் &#2965; என்று எண்ணாகவே எழுதிவிடலாமே? எங்கும் உடையாதே?

உடையாது. எல்லாம் சாதாரண ஆங்கில விசைப்பலகைக் குறிகள் என்பதால் எந்தக் குறியாக்கத்திலும் உயிர் பிழைக்கும். ஆனால் 'காரைக்குடி' முப்பது பைட்டிலிருந்து எழுபது பைட்டாகும். கோப்பைத் திறந்தால் மனிதருக்கு ஒன்றும் புரியாது. வழியில் யாராவது முந்தைய பதிலில் சொன்ன & மாற்றத்தை இன்னொரு தடவை செய்துவிட்டால், வாடிக்கையாளர் திரையில் &#2965; என்றே பல் இளிக்கும். மிகப் பழைய ஒரு கணினியோடு பேச வேண்டிய கட்டாயம் வந்தபோது மட்டும் நான் இதைச் செய்தேன். வழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

சார், டேக் பெயரையே தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், தரநிலை அனுமதிக்கிறது. பெயர்களில் எந்தெந்தக் குறிகள் வரலாம் என்ற விதி பழைய பதிப்புகளில் இறுக்கமாக இருந்தது. 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதைத் தளர்த்தியது. மேலே சொன்ன எண்முறை டேக் பெயருக்குள் செல்லாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கோப்பைத் தரவிறக்கித் திறந்தால் சரியாக இருக்கிறது. லிங்க்கில் திறந்தால் உடைகிறது. என்ன மாயம்?

ஒரே டப்பாவுக்கு மூன்று சீட்டுகள் ஒட்டியிருப்பதால் வரும் குழப்பம் இது. ஒன்று, கோப்பின் முதல் வரி அறிவிப்பு. இரண்டு, சர்வர் அனுப்பும் உள்ளடக்க வகைத் தலைப்பில் இருக்கும் குறியாக்கப் பெயர். மூன்று, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பைட் வரிசைக் குறி. யூடிஎஃப்-8இல் அது 239, 187, 191. மூன்றும் முரண்பட்டால் பைட் வரிசைக் குறியே வெல்லும், அடுத்து சர்வர் தலைப்பு, கடைசியாகத்தான் முதல் வரி. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7303 என்ற இணையத் தரநிலை ஆவணம் இப்படி வரிசைப்படுத்தியது. தரவிறக்கிய கோப்பில் சர்வர் தலைப்பு கூட வராது. அதனால் அங்கே சரியாகத் தெரிகிறது. சர்வர் அமைப்பில் 'எல்லாவற்றுக்கும் லத்தீன்-1' என்று எப்போதோ யாரோ எழுதி வைத்த வரியைத் தேடுங்கள்.

அப்படியானால் அந்தப் பைட் வரிசைக் குறியை எல்லாக் கோப்பிலும் போட்டுவிடட்டுமா?

எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பில் போடுங்கள். அது இல்லாவிட்டால் எக்செல் தமிழைத் தவறாக வாசிக்கும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்எம்எல்லுக்கு அது தேவையில்லை, இருந்தாலும் குற்றமில்லை. பிஎச்பி நிரல் கோப்புகளில் மட்டும் கட்டாயம் வேண்டாம். நிரல் கோப்பின் தலையில் இருக்கும் அந்த மூன்று பைட்டுகள் வெளியீட்டிலும் போய்க் கலக்கும். இரண்டு கோப்புகளை இணைத்தால் குறியும் இரண்டாகும். முதலாவதைப் பார்சர் மன்னிக்கும். இரண்டாவது, அறிவிப்புக்கு முன்னால் வந்த அந்நியப் பொருளாகிவிடும். 'அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் இல்லை' என்ற பிழை வந்தால் இதையும், முதல் வரிக்கு முன் ஒரு வெற்று வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நூறு பொருள்கள் ஏறுகின்றன, இரண்டு மட்டும் முழுக் கோப்பையும் கெடுக்கின்றன. ஏன் அந்த இரண்டு?

விவரிப்பை எங்கோ பைட் கணக்கில் வெட்டுகிறீர்கள். இடைவெளி இல்லாத தமிழை நூறு பைட்டில் வெட்டினால் 33 குறிகளுக்கு 99 பைட் போக, நூறாவதாக ஒரு 224 அநாதையாக நிற்கும். அது யூடிஎஃப்-8 ஆகாது. எக்ஸ்எம்எல் பார்சர் பிழையைப் பொறுக்காது என்பதால் முழுக் கோப்பையும் தள்ளிவிடும். இடைவெளிகள் எத்தனை என்பதைப் பொறுத்து வெட்டு சில பொருள்களில் எல்லையில் விழுகிறது, சிலவற்றில் நடுவில் விழுகிறது. அதனால்தான் 'அந்த இரண்டு'.

குறிக் கணக்கில் வெட்டினால் பார்சர் திருப்தியடையும். ஆனால் முதல் பதிலில் சொன்ன ஐந்துக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போது கடிக்கும். 'முறுக்கு' என்பதன் கடைசி உகரக் குறி வெட்டுப்பட்டு 'முறுக்க' என்று விலைப்பட்டியலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கணக்கில் வெட்டும் வசதி பெரும்பாலான மொழிகளில் இருக்கிறது. பிஎச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்கும் செயற்கூறுகளைத் தேடுங்கள்.

கணக்கு மென்பொருளிலிருந்து வந்த எக்ஸ்எம்எல்லில் &#4; என்று இருக்கிறது. பார்சர் ஏற்க மறுக்கிறது. எண்ணாக எழுதினால் எதுவும் செல்லும் என்றீர்களே?

எதுவும் செல்லும் என்று சொல்லவில்லை. எக்ஸ்எம்எல் 1.0இல் 32க்குக் கீழே உள்ள எண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. மற்றவற்றை நேராக எழுதினாலும், எண்ணாக எழுதினாலும், சிடேட்டா உறைக்குள் (உள்ளே இருப்பதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் உறை) போட்டாலும் அது எக்ஸ்எம்எல் அல்ல. 1.1 பதிப்பு இதைத் தளர்த்தியது, ஆனால் அந்தப் பதிப்பை ஏற்காத பார்சர்கள் நிறைய. பார்சரிடம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் குறிகளை மட்டும் நீக்குங்கள்.

'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேவகோட்டையில் ஒரு கடைக்கு நான் அவசரத்தில், ஆங்கில விசைப்பலகையில் இல்லாத எல்லாக் குறிகளையும் நீக்கும்படி எழுதிவிட்டேன். பிழை போய்விட்டது, சரக்குப் பெயர்களும் கூடவே போய்விட்டன. பட்டியலில் விலை மட்டும் மிஞ்சியது.

அண்ணே, பழைய விலைப்பட்டியலில் இருந்து தமிழை ஒட்டினேன். பிழையே இல்லை, ஆனால் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது. இதுவும் விண்டோஸ்-1252 கதையா?

இல்லை. மூன்றாம் கேள்வியில் சொன்ன சாய்கோட்டு ஏ திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருத் தமிழ். பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டியது. பார்சருக்கு அது குற்றமில்லாத ஆங்கிலம், அதனால் முறையிடாது. 1999இல் தமிழக அரசு ஏற்ற டேப், டேம், இணையக் குழுக்களில் புழங்கிய டிஸ்கி என்று அந்தக் காலக் குறியாக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை வேறு. எந்த எழுத்துரு என்று தெரிந்துகொண்டு அதற்கான மாற்றியில் போட வேண்டும்.

தேடலில் 'கொத்தமங்கலம்' என்று அடித்தால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகின்றன?

கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு. 'ொ' என்பதை 3018 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம். 3014, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பார்சர் இரண்டையும் வேறு வேறு சொற்களாகவே ஒப்பிடும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறை) செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும்.

ஔகாரத்தில் இந்த மருந்து பாதிதான் வேலை செய்யும். 'கௌ' என்பதைக் கொம்பு, க, 'ள' என்று தட்டச்சு செய்தவர்களுக்கு 2995 என்ற முழு ளகரம் விழுந்திருக்கும். 'ஸ்ரீ'யை 'ஸ'வில் தொடங்கியவரும் உண்டு, 2005இல் யூனிகோடுக்கு வந்த 'ஶ'வில் தொடங்கியவரும் உண்டு. இவற்றை இயல்பாக்கம் தொடாது. நீங்களே விதி எழுத வேண்டும்.

என் கணினியில் சரியாக ஓடுகிறது, சர்வரில் உடைகிறது. நிரல் ஒன்றுதானே?

பைட்டைச் சரமாக்கும் இடத்தில் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். ஜாவா 2022இல் வந்த 18ஆம் பதிப்பு வரைக்கும் இயங்குதளத்தின் இயல்புக் குறியாக்கத்தையே எடுத்துக்கொண்டது. அதிலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பானது. டாட்நெட்டில் சரத்துக்குள் எக்ஸ்எம்எல் எழுதினால் முதல் வரியில் யூடிஎஃப்-16 என்று சீட்டு விழும். அதை யூடிஎஃப்-8 பைட்டாக அனுப்பினால் எதிர்முனை திணறும். பார்சரிடம் சரத்தைக் கொடுக்காதீர்கள், வந்த பைட்டுகளை அப்படியே கொடுங்கள். சீட்டைப் படித்து முடிவு செய்ய அதற்குத் தெரியும்.

மூன்று வருடத் தரவு சாய்கோட்டு ஏயாகவே தரவுத்தளத்தில் கிடக்கிறது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்று வாசித்து, வந்த குப்பையை மறுபடி யூடிஎஃப்-8 ஆக எழுதியிருக்கிறார்கள். 'க'வின் மூன்று பைட் ஏழு பைட்டாக வீங்கியிருக்கும். பிஎச்பியில் லத்தீன்-1ஐ யூடிஎஃப்-8 ஆக்கும் பழைய செயற்கூறும் இதே வகை விபத்துக்குப் பேர்போனது; 8.2 பதிப்பில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். மருந்து, செய்ததை ஒருமுறை பின்னோக்கிச் செய்வதுதான். நகல் எடுத்து நகலில் செய்யுங்கள்.

தமிழுக்கென்று இதில் ஒரு தனிக் கொடுமை இருக்கிறது. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் மெய்ப்புள்ளியின் கடைசிப் பைட் 141, உகரக் குறியின் கடைசிப் பைட் 129, 'ஏ' 143இல் முடிகிறது, 'ஐ' 144இல் முடிகிறது. கறாரான மாற்றிகள் காலி இடத்தில் கேள்விக்குறியைப் போட்டுவிடும். 'ஐந்தொகை'யில் ஐயும் புள்ளியும் போகும். 'தேன்குழல்' என்பதில் இரண்டு புள்ளியும் ஓர் உகரமும் போகும். பிரவுசர்கள் அந்த ஐந்தையும் கட்டுப்பாட்டுக் குறிகளாக அப்படியே கடத்துவதால், அந்த வழியாக உடைந்த தரவு முழுசாக மீளும். மீளாதபோதும் கைவிட வேண்டாம். 224, 174க்குப் பின் ஓட்டை என்றால் அது ஏ அல்லது ஐ. 224, 175க்குப் பின் ஓட்டை என்றால் அநேகமாகப் புள்ளி அல்லது உகரம். இரண்டில் ஒன்று என்பதால் ஊர்ப் பெயரும் சரக்குப் பெயரும் கொண்ட ஒரு சொற்பட்டியலை வைத்துப் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம்.

எங்கள் ஐயா வட்டிக்கடையில் எழுதிய பேரேட்டை எக்ஸ்எம்எல்லாக ஏற்றுகிறேன். பற்று, வரவுக் குறிகள் ஏறுகின்றன. முந்திரி, காணி வரும் வரியில் மட்டும் அறுந்துவிடுகிறது. ஏன்?

பற்றுக் குறி ௶, வரவுக் குறி ௷, மேற்படிக் குறி ௸ எல்லாம் முதல் பதிலில் சொன்ன பகுதிக்குள்ளேயே இருக்கின்றன, மூன்று பைட். முந்திரி, காணி போன்ற பின்னக் குறிகள் 2019இல் வந்த யூனிகோட் 12.0இல்தான் 51 குறிகள் கொண்ட தனித் துணைப் பகுதியாகச் சேர்ந்தன. முந்திரியின் எண் 73664, யூடிஎஃப்-8இல் நான்கு பைட். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்8' என்று பழைய பெயரில் உள்ள வகை மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது; பிழை சொல்லும், கண்டிப்பில்லாத அமைப்பில் அந்த இடத்தோடு வரியை அறுத்துவிடும். அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு மூன்றையும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றுங்கள்.

அறுக்காமல் வந்தபின் எக்ஸ்எம்எல்லில் &#55303;&#57280; என்று இரட்டையாகக் கண்டால், நிரல் யூடிஎஃப்-16இன் இரு பாதிகளைத் தனித்தனியே எழுதியிருக்கிறது. அது செல்லாது; &#73664; என்றே வர வேண்டும். எல்லாம் சரியான பிறகும் திரையில் வெற்றுக் கட்டம் வந்தால் மூன்றாம் பதிலின் முதல் நோய்தான்: நோட்டோவின் தமிழ்த் துணைப்பகுதி எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

குறியோடு கூடவே மதிப்பையும் ஒரு பண்பாக எழுதிவையுங்கள், பின்னமாகவே: முந்திரிக்கு 1/320, காணிக்கு 1/80, மாவுக்கு 1/20. தசமமாக எழுதினால் முந்திரி 0.003125. அதைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு சுருக்கினால் ஐயாவின் ஐந்தொகை நேராகாது.